அம்மானுக்கு ஊர் காட்டிய நாள்

மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. அங்கிருந்து உத்தியோகம் பார்க்க வந்த ஒருவன் இங்கே மட்டக்களப்பில் ஒரு பெண்ணை விரும்பித் தங்கிவிட்டால், அவனுடைய வீட்டார் தலையில் கை வைத்துக்கொண்டு, "பொடியனைப் பாயோட ஒட்டிப்போட்டாங்கள்" என்பார்கள். அந்தப் பாயை எங்களில் யாரும் கண்டதில்லை. அப்படி ஒன்று இருந்தால் எங்கள் கல்லடியில் இத்தனை குமர்ப் பெண்கள் ஏன் வீட்டோடு இருக்கிறார்கள் என்று அம்மா கேட்பார்.

என் அக்காவை யாழ்ப்பாணத்தார் ஒருவர் கட்டக் கேட்டபோது அந்தப் பேச்சு எங்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். அவர் கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். கொழும்புக்கு லைன் கேட்டு எடுப்பார்; அக்கா கொடுப்பாள். முதலில் நம்பர் மட்டும் கேட்டவர், பிறகு நம்பரோடு ஒரு நன்றி சொன்னார், பிறகு மழை பெய்கிறதா என்று கேட்டார். கச்சேரிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான். இங்கே பெய்கிற மழை அங்கேயும் பெய்யும். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பின்னாளில் அவர் எனக்கு அத்தான் ஆனதால் இங்கேயும் அத்தான் என்றே சொல்லிவிடுகிறேன்.

அத்தானின் வீட்டார் உடனே மறுக்கவில்லை. நிலைமையைப் பார்த்துவர அவருடைய அம்மானை, அதாவது தாயின் தமையனை, அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். உயர்ந்து மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் எந்நேரமும் கறுப்புக் குடை. மாகோவில் ரயில் மாறி வந்து இறங்கியவர் எங்கள் வீட்டில் தங்கவில்லை. அத்தானின் வாடகை அறையில் தங்கினார். பனங்கட்டி, புழுக்கொடியல், பொரித்த மிளகாய், கொதித்து ஆறிய தண்ணீர் என்று எல்லாம் ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கதிரையை ஒரு தரம் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இருந்தார். அம்மா தேநீர் கொண்டுவந்தார்.

"வேண்டாம். இப்பதான் குடிச்சனான்" என்றார்.

"மாமா, மத்தியானம் துவக்கம் நீங்கள் ஒண்டும்..." என்று அத்தான் தொடங்க, அம்மான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிப்போனார்.

"நாங்கள் வேதக்காரர். உந்த மந்திரம் மாயம் ஒண்டையும் நம்புறேல்லை" என்று யாரும் கேட்காமலே சொன்னார் அம்மான். சொல்லும்போது அவருடைய கண் மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பாயில் இருந்தது.

நாங்களும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான். ஒரே பாட்டுகளைத்தான் அவர்கள் அங்கேயும் நாங்கள் இங்கேயும் கோயிலில் பாடுகிறோம். ஆனால் அந்தப் பாய் நடுவில் நின்றது.

அவர் போன பிறகு அம்மா சொன்னார்: "வீட்டுக்குள்ள வெச்சிப் பேசினா இந்த மனிசன் மூச்சுக் கூட விடமாட்டார். வெளியால கூட்டிப் போகணும். ஊரைக் காட்டுவம்."

ஞாயிற்றுக்கிழமையை விட்டு, நிலாவின் கணக்கில் வரும் போயா நாளில் லீவு கொடுத்த காலம் அது. அடுத்த போயாவுக்கு ஒரு வள்ளம் பேசினோம். கல்லடியில் ஏறி, வாவியைக் கடந்து, வவுணதீவுக் கரையில் இறங்கி, வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இருக்கும் கற்பாறைக் குகையைப் பார்த்து, திரும்பும் வழியில் கோட்டையில் இறங்கி அத்தான் வேலை செய்யும் இடத்தைக் காட்டுவது என்று திட்டம். அம்மான், அத்தான், அம்மா, அக்கா, நான் என்று ஐந்து பேர். வள்ளம் ஓட்டுபவர் ஆறாவது.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக்குப் போக அழைப்பு வரும் என்று காத்திருந்தேன். கையில் வேலை இல்லை. வாய்க்கு மட்டும் இருந்தது. புறப்படும்போது, காத்தான்குடிச் சந்தையில் அம்மா வாங்கி வைத்திருந்த புதுப் பன்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சிவப்பும் பச்சையும் கோடு போட்ட பெரிய பாய்.

"அது என்னத்துக்குடி?" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"சோறு தின்ன எல்லாரும் எங்க இரிக்கிற? மண்ணிலயா?"

அக்காவுக்கு என்னை நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குள் அம்மானும் அத்தானும் கரைக்கு வந்துவிட்டார்கள்.

வள்ளத்தின் நடுவில், நிழலுக்கு ஓலை கட்டியிருந்த இடத்தில், பாயை விரித்தேன். அம்மான் தண்ணீருக்குள் ஒரு காலும் வள்ளத்துக்குள் ஒரு காலுமாக நின்றார்.

"வாங்க ஐயா, பாயில இரிங்க. நல்ல பாய்" என்றேன்.

அவர் வைத்த காலைத் திருப்பி எடுக்கப் பார்த்தார். வள்ளம் ஆடியது. அத்தான் பிடித்துக்கொண்டார். அம்மான் பாயைச் சுற்றி, ஓரத்துப் பலகையைப் பிடித்துப் பிடித்து, நடக்கக் கூடாத இடமெல்லாம் நடந்து, பின்பக்கத்துக் குறுக்குப் பலகையில் போய் இருந்தார். குடையை விரித்தார். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தார்.

"ஐயா, அந்தப் பலகையில..." என்று தொடங்கினார் வள்ளக்காரர்.

"எனக்கு இது காணும்."

"இல்ல ஐயா, பாயில இரிங்க. பலகை நேத்துத்தான்..."

"தம்பி, நான் எங்க இருக்கிறதெண்டு எனக்குத் தெரியும்" என்றார் அம்மான், தலைமை ஆசிரியர் குரலில். வள்ளக்காரர் எங்களைப் பார்த்தார். பாயில் இருக்கச் சொல்லி எங்கள் கூட்டத்தில் இன்னொருவரும் சேர்ந்துகொண்டார் என்றுதான் அம்மான் நினைத்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வள்ளக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுக் கம்பை ஊன்றினார்.

வாவி அன்று எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. கரையெல்லாம் தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் கண்ணா மரங்கள். இடையிடையே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா இது என்ன, அது என்ன என்று காட்டிக்கொண்டு வந்தார். அம்மான் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

"எங்கடை கடல்நீரேரி இதைவிட அகலம்."

"எங்கடை றால் இதைவிடப் பெரிசு."

"எங்கடை காகம் இதைவிடக் கறுப்பு" என்று நான் அக்காவின் காதில் சொன்னேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அம்மான் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் இருவரும் பாயில் நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.

வெயில் ஏறியது. பாயில் இருந்த நாங்கள் நாலு பேரும் இடம் மாறி மாறி இருந்தோம், கால் நீட்டினோம். அம்மான் மட்டும் பின்னால் விறைத்த முதுகோடு அசையாமல் இருந்தார்.

வவுணதீவுக் கரையில் வள்ளம் தட்டியது. நாங்கள் இறங்கினோம். அம்மான் குடையை மடக்கினார். எழுந்தார். அதாவது எழும்பப் பார்த்தார். அரைவாசி எழுந்தவர் யாரோ பிடித்து இழுத்ததுபோலத் திரும்பவும் இருந்தார். இன்னொரு தரம் முயன்றார். முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தம்பி" என்று மெல்லக் கூப்பிட்டார்.

"என்ன மாமா?"

"என்னை ஒட்டிப்போட்டாங்கள்."

அம்மான் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று முணுமுணுக்கத் தொடங்கினார். அத்தான் வள்ளத்தில் ஏறி அவரைக் கையைப் பிடித்துத் தூக்கினார். வேட்டி பலகையோடு இழுபட்டது, அம்மான் வரவில்லை.

"நான் அப்பவே செல்ல வந்தனான்" என்றார் வள்ளக்காரர். "ஒழுக்குக்கு நேத்துத்தான் அந்தப் பலகைக்குத் தார் பூசினது. மேலால காஞ்சிட்டுது. வெயிலுக்கு இளகியிரிக்கும்."

"தாரோ?" என்றார் அம்மான் கண்ணைத் திறந்து.

"தார்தான் ஐயா. அதுக்குத்தானே பாயில இரிங்க, பாயில இரிங்க எண்டு..."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார். அவருடைய முதுகு குலுங்கியது. எனக்கு மூடிக்கொள்ளத் தலைப்பு இல்லை. ஒரு கண்ணா மரத்துக்குப் பின்னால் ஓடினேன். சிரிக்காமல் நின்றது அக்கா ஒருத்திதான்.

"வேட்டியை அவிழ்த்திட்டு வாறத விட வேறு வழி இல்ல" என்றாள் அத்தானிடம். ஒரு நொடி யோசித்தாள். பிறகு வள்ளத்துக்குள் குனிந்து, பாயைச் சுருட்டி எடுத்து, அவர் கையில் கொடுத்தாள். "இதச் சுத்திக் கட்டுங்க. நாங்க அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறம்."

நாங்கள் பெண்கள் மூவரும் வயலைப் பார்த்து நின்றோம். பின்னால் வெகுநேரம் வாக்குவாதம் கேட்டது. "மாட்டன்" என்றது ஒரு குரல். "அப்ப உப்பிடியே இருங்கோ" என்றது மற்றது. பிறகு கயிறு இழுக்கும் சத்தம். திரும்பிப் பார்க்கலாம் என்றதும் திரும்பினோம். நெஞ்சிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரைக்கும் சிவப்பும் பச்சையுமான பாய், இடுப்பில் வள்ளக் கயிறு, மேலே முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பட்டி, கையில் குடை. அம்மான் வந்தார்.

குகைக்குப் போகும் வண்டிப் பாதை வட்டையின் நடுவால் போனது. வெள்ளாமை வெட்டும் காலம். பாய்க்குள் கால் அகட்ட முடியாததால் அம்மான் தாரா நடப்பதுபோல அடிமேல் அடி வைத்து நடந்தார். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒருவர் அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்புக்கே வந்துவிட்டார்.

"அண்ணாவியார் எந்த ஊர்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அம்மானுக்கு விளங்கவில்லை. கூத்துப் பழக்குபவரைத்தான் அண்ணாவியார் என்பது. வெட்டு முடிந்தால் ஊருக்கு ஊர் கூத்து ஆடுவார்கள். விரிந்த உடுப்பும் கயிறும் கோலமுமாக ஒருவர் வந்தால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

"யாழ்ப்பாணம்" என்றார் அம்மான்.

"அங்கயும் ஆடுறதா? என்ன வேசம் இது?"

"ராசா வேசம்" என்றேன் நான்.

அம்மா என் தலையில் குட்டினார். அத்தான் நடந்ததைச் சொன்னார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை. எங்களை வயலோரத்துக் குடிசையான தன் வாடிக்குக் கூட்டிப்போனார். அவருடைய மனைவி பெட்டியிலிருந்து துவைத்து மடித்த சாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அம்மான் வாடிக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு மனிதராகத் திரும்பினார். பிறகு அந்தப் பெண் ஒரு சட்டியை அவர் முன்னால் வைத்தார். எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது.

அம்மான் தயிரைப் பார்த்தார். தன் பையைத் தேடினார். அது வள்ளத்தில் வேட்டியோடு கிடந்தது. அந்தப் பெண்ணின் புருஷனுடைய சாரம் தன் இடுப்பில் இருந்தது. அப்படி இருக்க, தயிரை எப்படி மறுப்பது? ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, ஏதாவது நடக்கிறதா என்று பார்ப்பதுபோலக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார். சட்டியின் அடி தெரிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எங்கடை தயிர் இதைவிட..." என்று தொடங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி" என்று முடித்தார்.

குகை பெரிய பாறையின் வயிற்றில் இருந்தது. வாசலில் குனிந்து போக வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். மேலே பாறையில் ஏதோ பழைய எழுத்து வெட்டியிருந்தது, யாருக்கும் வாசிக்கத் தெரியாது. உள்ளே குளிர்ந்து, வௌவால் நாற்றம் அடித்தது.

"ஐயா, உங்கட ஊர்க் குகை இதவிடப் பெருசா?" என்றேன்.

அம்மான் நின்று யோசித்தார். நேர்மையான மனிதர். "எங்கடை ஊரிலை குகை இல்லை" என்றார். பிறகு, "ஆனால் அடி காணேலாத ஒரு கிணறு இருக்கு."

அத்தான் எங்களுக்கு வீரம் காட்ட விரும்பினார்போலும். டோர்ச் லைட்டை மேலே அடித்து, "ஓய்!" என்று கத்தினார். கூரை முழுவதும் கழன்று விழுந்ததுபோல இருந்தது. நூற்றுக்கணக்கான வௌவால்கள். முகத்தில் காற்று அடித்தது. நான் நிலத்தில் குந்தினேன். அம்மா என்மேல் குந்தினார். யாரோ எங்களைத் தாண்டி வாசலுக்குப் பாய்ந்து ஓடினார்கள். சத்தம் அடங்கிப் பார்த்தபோது ஓடியவர் அத்தான். அக்கா இருந்த இடத்தில் அப்படியே நின்றாள். அவளுடைய கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்தபடி அம்மான் நின்றார்.

"போயிற்றுது ஐயா. ஒண்டும் இல்ல" என்றாள் அக்கா.

அம்மான் கையை விட்டார். வாசல் வெளிச்சத்தில் அத்தானின் தலை எட்டிப் பார்த்தது. "எல்லாரும் சுகமோ?" என்று கேட்டது.

அம்மான் மருமகனை நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து இத்தனை தூரம் வந்து கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி தொண்டைக்குள்ளேயே திரும்பிப் படுத்துவிட்டதுபோல, வேறொன்று கேட்டார்.

"பிள்ளை, உவனிலை என்னத்தைக் கண்டனீர்?"

"ஒண்டையும் காணல்ல ஐயா" என்றாள் அக்கா. "கனகாலம் குரலை மட்டும்தான் கேட்டன். முகத்தைக் கண்டது பிறகு. நீங்க நினைக்கிறது எனக்குத் தெரியும். ஆனா டெலிபோன் கம்பிக்குள்ளால பாய் போகாது."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மான் குடையை விரித்து, அதன் நிழலில் பாதியை அக்காவின் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அத்தான் வெயிலில் பின்னால் வந்தார்.

திரும்பும்போது வள்ளத்தில் அம்மான் எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். பாயின் ஒரு கரையில், செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தார். தாருக்குள் விறைத்துக்கொண்டு நின்ற வேட்டியை வள்ளக்காரர் இடைக்கிடை கம்பை வைத்துவிட்டுக் கத்தியால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. லீவு நாள், காவற்காரர் அத்தானைக் கண்டு கதவைத் திறந்துவிட்டார். ஒல்லாந்தர் கட்டிய தடித்த மதில், வாசலில் பழைய பீரங்கிகள். அம்மான் மதிலைத் தட்டிப் பார்த்து, யாழ்ப்பாணக் கோட்டை இதைவிடப் பெரிசு என்றார். அது உண்மைதான் என்பதால் நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அவருக்கு அது சப்பென்று போய்விட்டது.

அத்தான் தன் மேசையைக் காட்டினார். பைல் கட்டுகள், மைக்கூடு, ஓரத்தில் கறுப்பு டெலிபோன்.

"உதாலையோ கதைச்சனியள்?" என்று கேட்ட அம்மான், யாரும் தடுக்க முன் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார்.

அக்கா ஓரடி முன்னால் வைத்தாள். பிந்திவிட்டது. அன்று வேலையில் இருந்தவள் அக்காவின் சிநேகிதி, குரல் வெண்கலம். எந்த மேசையிலிருந்து அழைப்பு வருகிறது என்று பார்த்து, வேறு யார் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அறை முழுவதும் கேட்டது.

"என்ன, போயாவிலயும் கச்சேரியா? உங்கட ஆள் உங்களோடதானே வந்தவ! அதை விடுங்க, யாழ்ப்பாணத்து மாமா என்ன மாதிரி? பாயில இரிந்தவரா, இல்லையா? நாங்க இஞ்ச பந்தயம் பிடிச்சிக்கொண்டு இரிக்கம்!"

அக்கா சுவரோடு சாய்ந்தாள். அத்தான் மைக்கூட்டைப் பார்த்தார். அம்மா யாருக்கும் தெரியாத ஏதோ ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார். நான் பைல் கட்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அம்மான் தொண்டையைச் செருமினார்.

"இருக்க முன்னம், பிள்ளை" என்றார் ரிசீவருக்குள், ஒவ்வொரு எழுத்தாக. "உடுத்தனான்."

அந்தப் பக்கம் ஒரு கீச்சுச் சத்தம், லைன் அறுந்தது. அம்மான் ரிசீவரை அதன் இடத்தில் மெதுவாக வைத்தார். முதலில் அவருடைய தோள் ஆடியது. பிறகு ஒரு இருமல். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே காவற்காரர் என்னவென்று ஓடிவந்தார்.

அன்று பொழுதுபட அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நண்டுக் கறி. அம்மா போடப் போட, "காணும், காணும்" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுக் கோப்பையை நகர்த்தாமல் இருந்தார். பிறகு கை கழுவி வந்து, எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம், உங்கள் பக்கம் எத்தனை பேர் என்று அம்மாவிடம் தலைமை ஆசிரியர் குரலில் கேட்கத் தொடங்கினார். தன் தங்கையைச் சமாளிப்பது தன் பொறுப்பு என்றார்.

நான் கிணற்றடிக்குப் போனேன். அக்கா கோப்பைகளைக் கழுவுவதாகச் சொல்லி வந்தவள், வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன கா? எல்லாம் சரிதானே?"

"சரிதான்" என்றாள். "வேணாமெண்டு செல்லிப்போட்டு அவர் போயிருவாரெண்டுதான் விடியத் தொட்டு நினைச்சிக்கொண்டு வந்தன். குகைக்குள்ள அவர் என்ர கையைப் பிடிக்கக்குள்ள, என்ர கை நடுங்குறது தெரிஞ்சிரும் எண்டு பயந்தன்."

நாள் முழுவதும் நானும் அம்மாவும் சிரித்துச் சிரித்து வந்தோம். அவள் ஒருத்தி சிரிக்காமல் வந்ததைக் கண்டேன். ஏன் என்று நினைக்கவில்லை. அவளிடமிருந்து வாளியை வாங்கித் தண்ணீர் அள்ளினேன். இருவருமாகக் கோப்பைகளைக் கழுவி முடித்தோம்.

வைகாசியில் கல்லடியில் கல்யாணம் நடந்தது. அத்தானின் தாய் வந்து இறங்கியதும் அவருக்கு ஊரைப் பற்றிச் சொல்ல அம்மான்தான் முன்னால் நின்றார். வாவியைக் காட்டி, இவ்வளவு அகலமான தண்ணீரை யாழ்ப்பாணத்தில் காண முடியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன்.